உடலை வெட்டாமல் உள்ளே பார்க்கும் கருவி
சி.டி. ஸ்கேனுக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் நத்தையைப் போலச் சுருண்ட கற்கள் கிடைப்பதுண்டு. அவை அம்மோனைட் என்னும் கடல் உயிரின் புதைபடிவங்கள். இன்று முந்திரியும் கரும்பும் விளையும் இந்த மண் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு அடியில் இருந்தது என்பதற்கு அவையே சான்று. அம்மோனைட்டின் ஓட்டுக்குள்ளே சிறு சிறு அறைகள் தடுப்புச் சுவர்களோடு வரிசையாக அமைந்துள்ளன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை தெரியா. கல்லை நடுவே அறுத்து மெருகேற்றினால்தான் தெரியும். ஆனால் அறுத்தபின் அது முழுக்கல் அன்று, இரண்டு துண்டுகள்.

கல்லையாவது அறுத்துப் பார்க்கலாம். மனித உடலை என்ன செய்வது?

ஆண்டிமடம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் முந்திரி மரத்திலிருந்து ஒருவர் தவறி விழுந்தார் என்று வைத்துக்கொள்வோம். தலையில் அடி. சற்று நேரம் நினைவிழந்து கிடந்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, "ஒன்றுமில்லை" என்கிறார். இரண்டு மணி நேரம் கழித்து வாந்தி எடுக்கிறார், பேச்சு குழறுகிறது, கண் சொருகுகிறது. மண்டை ஓட்டுக்குள் இரத்தம் கசிந்து மூளையை அழுத்துகிறதா என்பது உடனே தெரிந்தாக வேண்டும். தெரிந்தால் அறுவை செய்து உயிரைக் காக்கலாம். தெரியாமற் போனால் ஒவ்வொரு நிமிடமும் இழப்பே.

இத்தகைய வேளையில் மருத்துவர் கேட்பது சி.டி. ஸ்கேன். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதுமே பலருக்கு அச்சம் பிறக்கிறது. கரண்டு வைப்பார்களோ, குகைக்குள் அடைத்துவிடுவார்களோ என்று முதியவர்கள் கலங்குகின்றனர். "வெறும் வயிற்றோடு வாருங்கள்", "நகையைக் கழற்றுங்கள்", "மூச்சை அடக்குங்கள்" என்ற கட்டளைகள் வேறு. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் தெரிந்தால் அச்சம் விலகும். அதைவிட முக்கியமாக, ஆபத்தும் விலகும். அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

நிழலும் துண்டும்

1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். இக்கதிர்கள் சதையை எளிதில் ஊடுருவும். எலும்பிலுள்ள கால்சியம் அவற்றைப் பெரிதும் தடுத்துவிடும். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் இருப்பதும் இதே கால்சியம்தான். எனவே எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பு வெண்மையாகத் தெரிகிறது.

எனினும் அது ஒரு நிழற்படமே. அரிக்கேன் விளக்கின் முன் இரண்டு கைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் சுவரில் விழும் நிழலில் எது முன்கை, எது பின்கை என்று சொல்ல முடியுமா? எக்ஸ் கதிர்ப் படத்திலும் முன்னிருப்பதும் பின்னிருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடுகின்றன. மண்டை ஓட்டின் நிழல் மூளையை மூடிவிடுகிறது.

சி.டி. ஸ்கேன் இக்குறையைத் தீர்க்கிறது. ரொட்டியைத் துண்டு துண்டாக அரிந்து, ஒரு துண்டை மட்டும் எடுத்துப் பார்ப்பது போன்ற தோற்றத்தை அது தருகிறது. ஆனால் கத்தி இல்லை. எக்ஸ் கதிர்க்குழாய் உடலைச் சுற்றி வட்டமிடுகிறது. எதிர்ப்பக்கத்தில் உள்ள உணர்விகள், ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் உடலைக் கடந்து வந்தது என்று அளக்கின்றன. அந்த அளவுகளைக் கொண்டு கணிப்பொறி உள்ளே இருப்பதைக் கணக்கிட்டு வரைகிறது.

ஒரு கணக்கு விளையாட்டு

வெளியே அளந்த அளவைக் கொண்டு உள்ளே இருப்பதை எவ்வாறு அறிவது? தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுரம் வரைந்து, மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு கட்டங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் மறைந்திருக்கிறது. உங்களுக்குத் தெரிந்தவை கூட்டுத்தொகைகள் மட்டுமே. மேல்வரிசை 5, கீழ்வரிசை 8. இடப்பத்தி 7, வலப்பத்தி 6. மேல் இடமூலையிலிருந்து கீழ் வலமூலைக்குச் சாய்வாகக் கூட்டினால் 3.

மேல் இடக்கட்டத்தின் வழியாகச் செல்லும் கூட்டுத்தொகைகள் மூன்று: 5, 7, 3. இவற்றின் மொத்தம் 15. இந்த மொத்தத்தில் மற்ற மூன்று கட்டங்களும் ஒவ்வொரு முறையும், மேல் இடக்கட்டம் மூன்று முறையும் வந்துள்ளன. நான்கு கட்டங்களின் உண்மையான மொத்தமோ 5-உம் 8-உம் சேர்ந்த 13. மிகுதியாக உள்ள 2, மேல் இடக்கட்டம் இரண்டு முறை கூடுதலாக வந்ததால் ஏற்பட்டது. ஆகவே அக்கட்டத்தின் எண் 1. பிறகு மற்றவை எளிது: அதன் வலப்பக்கம் 4, கீழே 6, 2. பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்லிவிட்டோம்!

ஸ்கேன் கருவி செய்வதும் இதுவே. இங்கே நான்கு கட்டங்கள். அங்கே பல்லாயிரம் கட்டங்கள். இத்தகைய கணக்குக்கு விடை உண்டு என்று ஆஸ்திரியக் கணித அறிஞர் யோகான் ராடன் 1917-இலேயே காட்டினார். அதைக் கருவியாக்கியவர் இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனத்தில் பணிபுரிந்த பொறியியலார் காட்பிரே ஹவுன்ஸ்பீல்டு. அவருடைய தொடக்கச் சோதனை ஒன்றில் ஒரு படத்துக்கு வேண்டிய அளவுகளை எடுக்கவே ஒன்பது நாட்கள் பிடித்தன. 1971 அக்டோபர் 1 அன்று, இலண்டனின் விம்பிள்டன் பகுதியில் உள்ள மருத்துவமனை ஒன்றில் முதல் நோயாளியின் மூளை ஸ்கேன் செய்யப்பட்டது. அந்தக் கருவி ஒரு துண்டுக்கு 28,800 அளவுகளை எடுத்து, 6,400 கட்டங்கள் கொண்ட படத்தைத் தந்தது. ஹவுன்ஸ்பீல்டும், இக்கணக்கைத் தனியே ஆராய்ந்திருந்த ஆலன் கார்மாக்கும் 1979-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இவ்வரலாற்றில் நம்மவர்க்கும் ஓர் இடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக விளங்கிய ஜி. என். இராமச்சந்திரன், ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் சேர்ந்து 1971-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பல கோணத்து நிழல்களிலிருந்து உள்ளுருவத்தை விரைவாகவும் துல்லியமாகவும் கணக்கிடும் வழியை அது காட்டியது. அதில் வரும் ஒரு படிக்கு இவ்விருவர் பெயராலேயே 'ராம்-லாக் வடிகட்டி' என்று உலகெங்கும் வழங்குகின்றனர்.

சாம்பல் நிறத்தின் பொருள்

ஸ்கேன் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. ஹவுன்ஸ்பீல்டு பெயரால் அமைந்த அளவு அது. தண்ணீருக்குச் சுழி, காற்றுக்குச் சுழிக்குக் கீழே 1000. கொழுப்பு ஏறத்தாழச் சுழிக்குக் கீழே 100. கெட்டியான எலும்பு பல நூறுகளைத் தாண்டும். மூளைத் திசு 30, 40 என்ற அளவில் இருக்க, புதிதாக உறைந்த இரத்தம் 60, 70 என்று உயர்ந்து நிற்கும். அதனால்தான் தலையில் அடிபட்டவரின் படத்தில் இரத்தக் கசிவு வெண்திட்டாக உடனே தெரிகிறது.

குடல், கல்லீரல், இரத்தக்குழாய்கள் ஆகியவற்றின் எண்களோ ஒன்றுக்கொன்று மிக அருகில் உள்ளவை. அவற்றைப் பிரித்துக் காட்ட, அயோடின் கலந்த மருந்தொன்றை இரத்தக்குழாயில் செலுத்துவர். எக்ஸ் கதிரை அயோடின் நன்கு தடுப்பதால் இரத்தம் பாயும் இடங்கள் வெண்மையாகத் துலங்கும். இதைத்தான் "கான்ட்ராஸ்ட் ஊசி" என்கின்றனர். ஸ்கேனுக்கு முன் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ஊசியைப் பற்றியவையே.

அவசரம் ஒரு வழி, முன்னேற்பாடு ஒரு வழி

முந்திரி மரத்திலிருந்து விழுந்தவருக்குத் திரும்புவோம். அவர் சாப்பிட்டிருந்தாலும் கவலையில்லை. தலைக்காயத்துக்கு முதலில் எடுப்பது ஊசி போடாத ஸ்கேன். அதற்கு வெறும் வயிறு தேவையில்லை. தேவை விரைவு ஒன்றே. உடன் வந்தவர்கள் மூன்று செய்திகளைச் சொன்னால் போதும்: எப்போது விழுந்தார், இடையில் நினைவு தப்பியதா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா.

பக்கவாதத்திலும் இவ்வாறே. வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். இரத்தக் கசிவு இல்லை என்பதை ஸ்கேன் உறுதிசெய்த பிறகே அதைப் போட முடியும். பிழிச்சல் எண்ணெய் தேடி ஊர் ஊராக அலையும் நேரத்தில் மூளை அணுக்கள் மடிந்துகொண்டிருக்கும்.

1995 வரை இவ்விரு பகுதிகளும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அவ்வாண்டில் பெரம்பலூரும், பின்னர் 2007-இல் அரியலூரும் தனி மாவட்டங்களாயின. 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாவட்டத் தலைநகரங்களின் அரசு மருத்துவமனைகளில் குறைந்த கட்டணத்தில் ஸ்கேன் மையங்களை நடத்திவருகிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் அதைக் கையோடு கொண்டுசெல்வது நல்லது. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. ஆகவே பணத்தை எண்ணித் தயங்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

கேள்விகளுக்கு மறைக்காமல் விடை

இனி வேறொருவரைப் பார்ப்போம். பெரம்பலூர்ப் பக்கத்தில் வெங்காயக் காட்டில் உழைக்கும் ஓர் அம்மா. பல நாளாக வயிற்று வலி. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். "அடுத்த செவ்வாய்க்கிழமை ஊசி போட்டு வயிற்று ஸ்கேன்" என்று சீட்டு எழுதித் தந்திருக்கிறார்கள். இவருக்கு முன்னேற்பாடு தேவை.

முதலாவது, உணவு. ஊசி போட்டபின் சிலருக்குக் குமட்டல் வரும். படுத்த நிலையில் வாந்தி எடுத்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும். எனவே பல மருத்துவமனைகளில் சில மணி நேரம் திட உணவைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். எத்தனை மணி நேரம் என்பதைச் சீட்டு தரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மறுத்தாலன்றித் தண்ணீர் குடிக்கலாம். குடிப்பது சிறுநீரகத்துக்கும் நல்லது. இரத்தக் கொதிப்பு மாத்திரையை வழக்கம்போல் விழுங்கலாம். ஆனால் சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு வந்து காத்திருந்தால் மயக்கம் வரும். ஆகவே "எனக்குச் சர்க்கரை இருக்கிறது, காலையில் மருந்தை எப்படி எடுப்பது?" என்று முன்னாளே கேட்க வேண்டும்.

இரண்டாவது, சிறுநீரகம். ஊசியில் செலுத்திய அயோடின் மருந்து சிறுநீர் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அதற்கு இது கூடுதல் சுமை. இதை அறியவே 'கிரியேட்டினின்' என்னும் இரத்தப் பரிசோதனையைக் கேட்கிறார்கள். சர்க்கரை நோயாளிகள் பலரும் சாப்பிடும் மெட்பார்மின் மாத்திரையைச் சிறுநீரகம் தளர்ந்தவர்கள் சிலர் ஸ்கேனன்றும் அதன்பின் இரண்டு நாட்களும் நிறுத்த வேண்டியிருக்கும். எல்லாருக்கும் அப்படி அன்று. நிறுத்துவதோ தொடர்வதோ மருத்துவர் சொல்லட்டும். வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கி நாள்தோறும் விழுங்குபவர்கள், நாட்டு மருந்து உண்பவர்கள் ஆகியோரும் அதை ஒளிக்கக் கூடாது. திட்டுவார்களே என்று மறைத்தால் துன்பம் மறைத்தவருக்குத்தான்.

மூன்றாவது, ஒவ்வாமை. முன்பு இதே ஊசி போட்டபோது தடிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால், அதுவே எல்லாவற்றிலும் பெரிய எச்சரிக்கை. ஆஸ்துமா இருந்தாலும், கழுத்துக்கழலைச் சுரப்பு மிகுந்திருந்தாலும் சொல்ல வேண்டும். "எனக்கு இறால் ஆகாது, அயோடின் ஊசியும் ஆகாது" என்று சிலர் அஞ்சுகிறார்கள். இறாலில் ஒவ்வாமை தருவது அதிலுள்ள புரதம், அயோடின் அன்று. சொல்லி வைப்பதில் தவறில்லை. அதற்காக ஸ்கேனைக் கைவிட வேண்டியதில்லை.

நான்காவது, கருவுற்றிருத்தல். வயிற்றில் வளரும் குழந்தைக்குக் கதிர் படாமல் காக்க வேண்டும். நாள் தள்ளிப்போயிருந்தால் ஐயம் அளவில் இருந்தாலும் சொல்ல வேண்டும். மாமியாரும் மற்றவர்களும் சூழ்ந்திருக்கையில் கூச்சமாக இருந்தால் செவிலியரைத் தனியே அழைத்துச் சொல்லலாம். அவசரமில்லை என்றால் ஸ்கேனைத் தள்ளிப்போடலாம். வேறு பரிசோதனையும் செய்யலாம். பால் கொடுக்கும் தாய்மார்கள் இந்த ஊசிக்குப் பின் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டிய தேவை பொதுவாக இல்லை.

ஐந்தாவது, நகை. உலோகம் எக்ஸ் கதிரை அறவே தடுத்துவிடும். கணக்கு விளையாட்டில் சில கூட்டுத்தொகைகளை அழித்துவிட்டால் விடை கிடைக்குமா? அதுபோலப் படத்தில் உலோகம் இருக்கும் இடத்திலிருந்து கோடு கோடாகக் கீற்றுகள் ஓடி, பார்க்க வேண்டியதை மறைத்துவிடும். ஸ்கேன் எடுக்கும் பகுதியில் உள்ளதைக் கழற்றினால் போதும். தலைக்கு என்றால் தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி. நெஞ்சுக்கு என்றால் தாலிச்சங்கிலி. வயிற்றுக்கு என்றால் வெள்ளி அரைஞாண், இடுப்புத் தாயத்து. தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் அதை மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டு வருவதும் உண்டு. எலும்பு முறிவுக்காக உள்ளே வைத்த தகடு பற்றி அஞ்ச வேண்டாம். சி.டி. கருவியில் காந்தம் இல்லை. இரும்பை இழுக்கும் வலிய காந்தம் உள்ளது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்னும் வேறொரு கருவியில்.

அறைக்குள் என்ன நடக்கும்?

கதவைத் திறந்தால் குளிர்ந்த அறை. நடுவே பெரிய வளையம் ஒன்று நிற்கும். அதன் வழியாக நீண்ட மேசை செல்லும். அது குகை அன்று. இருபுறமும் திறந்த வளையம். "ஐயா, அசையாம படுத்திருங்க. இந்தப் பெல்ட்டு சும்மா பிடிமானத்துக்குத்தான்" என்று பணியாளர் சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விடுவார். நாள்தோறும் கதிர் படாமல் அவரும் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும் அன்றோ? ஆனால் கண்ணாடிச் சாளரம் வழியே அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். நீங்கள் பேசினால் அவருக்குக் கேட்கும்.

மேசை மெல்ல நகரும். விசிறி வேகமாகச் சுழல்வது போன்ற இரைச்சல் எழும். வலி இல்லை. "மூச்சை இழுத்து அடக்குங்கம்மா" என்று குரல் வரும். கருவி பல கோணங்களில் அளக்கும்போது உள்ளுறுப்பு ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கணக்குப் போடும் நடுவில் கட்டத்திலுள்ள எண்ணை மாற்றிவிட்டால் விடை குழம்பும், மூச்சு விட்டால் கல்லீரல் நகரும், படம் குழம்பும். சில நொடிகள் அடக்கினால் போதும். வீட்டிலேயே இருமுறை பழகிவிட்டு வருவது நல்லது. சிறு குழந்தைகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாதாகையால் தூங்கச்செய்து எடுப்பதும் உண்டு.

ஊசி மருந்து ஏறும்போது உடலெங்கும் வெந்நீர் பாய்வது போன்ற சூடு தோன்றும். நாக்கில் உலோகச் சுவை வரும். சிறுநீர் கழிந்துவிட்டதோ என்றும் தோன்றும், ஆனால் கழிந்திராது. இவை ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடும். முன்பே அறிந்தவர் கலங்கமாட்டார். அரிப்பு, தடிப்பு, தொண்டை இறுக்கம், மூச்சுத் திணறல், ஊசி ஏறிய இடத்தில் எரிச்சலுடன் வீக்கம் ஆகியவை வேறு. பொறுத்துக்கொள்ளாமல் உடனே குரல் கொடுக்க வேண்டும். அதற்கான மருந்துகள் அங்கேயே இருக்கும். ஸ்கேன் முடிந்ததும் பேருந்தைப் பிடிக்க ஓடாமல் அரை மணி நேரம் அங்கேயே அமர்ந்திருங்கள். நீர் அருந்தத் தடையில்லாதவர்கள் அன்று முழுதும் நிறையத் தண்ணீர் குடிக்கலாம். அடுத்த சில நாட்களில் தோலில் தடிப்புத் தோன்றினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கதிர்வீச்சு எவ்வளவு?

மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே நம்மீது கதிர்கள் பட்டுக்கொண்டிருக்கின்றன. உலகச் சராசரி ஆண்டுக்கு ஏறத்தாழ 2.4 மில்லிசீவர்ட். ஒரு தலை ஸ்கேனில் படுவது 2 மில்லிசீவர்ட் அளவு; வயிற்று ஸ்கேனில் 8 அல்லது 10. ஊசி போட்டு மீண்டும் மீண்டும் எடுத்தால் இது கூடும். ஸ்கேன் முடிந்தபின் உடலில் கதிர் தங்குவதில்லை. விளக்கை அணைத்தபின் அறையில் வெளிச்சம் தங்குவதுண்டா? ஆகவே வீடு திரும்பியதும் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம்.

இவ்வளவு கதிரால் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகச் சிறிது. ஆனால் சுழி அன்று. குழந்தைகளுக்குச் சற்றுக் கூடுதல். எனவே தேவையான ஸ்கேனுக்கு அஞ்சவும் கூடாது. தேவையற்ற ஸ்கேனைக் கேட்டு வாங்கவும் கூடாது. "இரண்டு நாளாகத் தலைவலி, ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்" என்று மருத்துவரை நெருக்குவது பிழை. பழைய படத்தையும் அறிக்கையையும் மஞ்சள் பையில் போட்டு எடுத்துச் சென்றால், அதே ஸ்கேனை மறுபடி எடுக்க வேண்டிய தேவையே பல வேளைகளில் இராது.

படம் சொல்லாதது

ஸ்கேன் எல்லாம் அறிந்த கருவி அன்று. அடைப்பால் வரும் பக்கவாதத்தில் முதல் சில மணி நேரத்துப் படம் இயல்பாகவே தோன்றலாம். தலையில் அடிபட்டவருக்கு முதற்படத்தில் தெரியாத கசிவு பின்னர் தோன்றலாம். "ஸ்கேனில் ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் வாந்தி எடுத்தாலோ, எழுப்பியும் எழாமல் தூங்கினாலோ, வலிப்பு வந்தாலோ உடனே திரும்ப அழைத்துவர வேண்டும். படத்தை நோயாளியோடு சேர்த்துப் பார்க்கும் மருத்துவரே முடிவு சொல்லத் தக்கவர்.

அம்மோனைட் தன் கதையைத் தானே சொல்ல முடியாது. அறுத்தவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். மனிதருக்கோ வாய் உண்டு. உடலுக்குள் இருப்பதைக் கருவி காட்டிவிடும். எப்போது விழுந்தார், என்ன மாத்திரை உண்கிறார், முன்பு எந்த ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்பவற்றை எந்தக் கருவியும் காட்டாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.